படம் சொல்லும் அண்ணன்

படம் சொல்லும் அண்ணன் எல்லையோர ஊர்களில்தான் நன்றாக விளைகிறார். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மறையூர், குமுளி என்று தமிழும் மலையாளமும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்காரும் இடங்களில் ஒருவராவது தேறுவார். முன்பு சிடி வாடகைக்கு விட்டவர். இப்போது அதே கடையில் மொபைல் ரீசார்ஜ். சிடிகள் போய்விட்டன, தீர்ப்புச் சொல்லும் பழக்கம் போகவில்லை.

"ஏனுங்ணா, நல்ல படமா ஒண்ணு சொல்லுங்" என்றால் உடனே பதில் வராது. "ஊட்ல யாரெல்லாம் இருக்கறாங்க?" என்பார். மாமியார் வந்திருந்தால் பட்டியலில் பாதி அடிபடும். காலையில் வேலைக்குப் போக வேண்டுமென்றால் மூன்று மணி நேரப் படங்களும் போகும்.

ஓடிடி தளங்களில் படம் சொல்லும் அல்காரிதம் இதையெல்லாம் கேட்பதில்லை. ஒருவர் எதைப் பார்த்தார், எங்கே நிறுத்தினார், அவரைப் போலவே பார்த்தவர்கள் அடுத்து எதைத் தொட்டார்கள் என்பதுதான் அதன் மூலதனம். ஆனால் மூணாறு எஸ்டேட் லயத்தில் ஒரு கணக்கு என்பது ஒரு குடும்பம். பாட்டியின் அம்மன் படம், பேரனின் பேய்ப்படம், மருமகளின் கொரியத் தொடர் மூன்றையும் கலந்து, சூலம் ஏந்திய கொரியப் பேய் எங்காவது கிடைக்குமா என்று அது தேடிக்கொண்டிருக்கும்.

யாருக்கு எந்தப் படம் பிடிக்கும் என்ற கணிப்பை 10 சதவீதம் மேம்படுத்துவோருக்கு 10 லட்சம் டாலர் என்று 2006-இல் நெட்ஃபிளிக்ஸ் போட்டி அறிவித்து, 2009-இல் பரிசையும் கொடுத்தது. வென்ற முறையை முழுதாகப் பொருத்தவேயில்லை. படும் பாட்டுக்கு அந்தப் பலன் கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டது. இதைக் கேட்டதும் அண்ணன், "அதுல கால்வாசி எனக்குக் குடுத்திருந்தா..." என்று தொடங்குவார். முடிக்க விடக்கூடாது.

அண்ணனிடமும் கோளாறு உண்டு. 'த்ரிஷ்யம்' (2013) பார்க்கச் சொல்வார். "முடிவச் சொல்லமாட்டேன், ஆனா அந்தப் போலீஸ் ஸ்டேஷன் தரைய மட்டும் நல்லாப் பாத்துக்க" என்றும் சொல்வார். குமுளிப் பக்கத்து அண்ணன் என்றால் யார் என்ன கேட்டாலும் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018)தான். தேனிப் பக்கத்திலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு மலையேறும் கூலிகளின் கதை. நகைச்சுவைப் படம் கேட்டு வந்தவரும் அதைப் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் "பாத்துட்டேண்ணே" என்று தப்பிக்க முடியாது, குறுக்கு விசாரணை உண்டு.

மனிதரே தேர்ந்தெடுக்கட்டும் என்று கேரள அரசும் முடிவு செய்தது. 2024 மார்ச் 7-இல் தொடங்கிய சி ஸ்பேஸ் என்ற அரசு ஓடிடி தளத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கக் கலை, இலக்கியத் துறைகளிலிருந்து 60 பேர் குழு. ஒவ்வொரு படத்தையும் மூவர் பார்த்துச் சொல்ல வேண்டும். தொடங்கியபோது முழுநீளப் படம் பார்க்க 75 ரூபாய். அறுபதில் ஒருவராகத் தன்னை அழைக்காதது அண்ணனுக்கு இன்னும் மனத்தாங்கல்தான்.

அல்காரிதம் சொன்ன படம் அறுவையானால் விரல் அடுத்த படத்துக்கு நகரும், அவ்வளவுதான். அண்ணன் சொன்னது அறுவையானால் மறுநாள் காலை பெஞ்சில் எல்லோர் முன்னாலும் அவர் பதில் சொல்ல வேண்டும். அன்றைய டீச்செலவும் அவருடையதுதான்.