செயலவைப் படங்களின் வரிசை: ஜொகூர்ச் சங்க அகப்பக்கம் குறித்து ஓர் ஆய்வு

ஜொகூர் மாநிலத்துச் சிறு தமிழ்ச் சங்கங்கள் அகப்பக்கம் வைத்திருப்பது யாருக்காக? உறுப்பினர்கள் புலனத்தில் இருக்கிறார்கள். பொதுமக்கள் முகநூலில் இருக்கிறார்கள். அகப்பக்கத்தில் இருப்பவர்கள் செயலவையினர் மட்டுமே, அதுவும் படமாக. ஆகவே அது அவர்களுக்காகவே என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ஆய்வாளர் தெப்ராவில் வீட்டு வரவேற்பறையில் இருந்தபடி தனியாளாகத் தளம் கட்டிக் கொடுப்பவர். ஆய்வு நிதியை ஆய்வுப் பொருளாகிய சங்கமே வழங்கியது. பாதி வெள்ளி கைக்கு வந்தது. மீதி அடுத்த கூட்டத்தில்.

தளத்தைப் புதுப்பிக்கும் பணியின் வரையறையைச் சங்கத் தலைவரே வகுத்துத் தந்தார்: "தம்பி, எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஆனா புதுசா தெரியணும் லா."

கீழடியில் பானை ஓடு எப்படியோ, சங்கத் தளத்தில் எழுத்துரு அப்படி. அடி அடுக்கில் கிடைத்தது பாமினி. இதில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும். புள்ளிக்கு அரைப்புள்ளியின் இடம். எழுத்துரு இல்லாத கணினியில் 'வணக்கம்' ஐந்து ஆங்கில எழுத்தும் இரண்டு அரைப்புள்ளியுமாகக் கை கூப்பும். யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருள் பிறந்த நாடும் மலேசியாதான். 2001-இல் தமிழ் இணைய மாநாடே கோலாலம்பூரில் கூடியது. சங்கம் அவசரப்படவில்லை.

அதற்கு மேல் ஃபிளாஷ் காலம். குத்துவிளக்கின் ஐந்து முகமும் ஒவ்வொன்றாக எரிந்த பிறகே 'உள்ளே வருக' என்று கதவு திறக்கும். 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி நிறுவனம் ஃபிளாஷைக் கைகழுவியதில் விளக்கும் அணைந்தது, கதவும் அடைத்துக்கொண்டது. எவரும் புகார் செய்யாதது நம் கருதுகோளுக்கு முதல் சான்று.

மேல் அடுக்கின் காலத்தைக் கணிப்பது எளிது. 'வெள்ளி, சனி அலுவலகம் விடுமுறை' என்றிருந்தால் அது 2014-க்கும் 2024-க்கும் இடைப்பட்டது. 2025 ஜனவரியில் ஜொகூர் மறுபடி சனி, ஞாயிறுக்குத் திரும்பியது, இத்துறை ஆய்வாளர்களுக்கு மாநில அரசு செய்த பேருதவி. 'எங்கள் நோக்கம்' என்ற தலைப்பின் கீழ், முன்பு வேலை பார்த்தவர் இடம் நிரப்பப் போட்ட லத்தீன் பத்தி அப்படியே இருந்தது. கிமு 45-இல் சிசரோ எழுதிய நூலின் சிதைந்த துண்டு அது. எந்த ஆண்டுக் கூட்டத்திலும் யாரும் ஆட்சேபிக்காததால் ஏகமனதாக நிறைவேறியதாகவே கொள்ள வேண்டும்.

கடவுச்சொல் தேடல் தனி ஆய்வேட்டுக்குரியது. சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டுதோறும் கணக்குக் காட்டும் சங்கம், மடக்கு நாற்காலி வரை சொத்துப் பட்டியலில் சேர்த்திருந்தது, கடவுச்சொல்லைச் சேர்க்கவில்லை. அது முன்னாள் செயலாளரின் மகனிடம். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. குடிநுழைவு வரிசையில் நிற்கும்போது மட்டும் புலனம் பார்ப்பவர்.

இனி மையப் பொருள். கணினித் திரையில் செயலவையினர் ஐவரின் படங்களும் ஒரே வரிசை: நடுவில் தலைவர், இருபுறமும் துணைத் தலைவரும் செயலாளரும், இரு கோடியிலும் உதவித் தலைவர்கள். திரையின் அகலத்துக்கேற்பப் பக்கம் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஈத்தன் மார்கோட் 2010-இல் எழுதினார். உதவித் தலைவர்களை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. கைப்பேசியில் வரிசை செங்குத்தாகிவிடும். இடக்கோடி உதவித் தலைவர் உச்சிக்கு ஏறுவார், தலைவர் மூன்றாம் இடத்துக்கு இறங்குவார். வாக்கெடுப்பே இல்லாமல் ஆட்சி மாற்றம். நிரலில் தலைவரை முதலில் எழுதி, அகலத் திரையில் மட்டும் 'ஆர்டர்' என்னும் சிஎஸ்எஸ் வரியால் நடுவுக்கு நகர்த்தினால் தலைவர் சிக்கல் தீரும்.

தீராதது உதவித் தலைவர்கள் இருவர். சங்க விதிப்படி சமம். கைப்பேசியில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. அருகருகே வைத்தால் படம் சிறுத்து, 'டத்தோ' ஒரு வரியிலும் பெயர் அடுத்த வரியிலும் விழுகிறது. அகரவரிசை என்றதும் ஒருவர் மட்டும் உடனே ஒப்புக்கொண்டார். அவர் பெயர் அகரத்தில் தொடங்குவது. கடைசியில், பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் சீட்டுக் குலுக்கி யார் மேலே என்று முடிவுசெய்யும் நிரல் எழுதப்பட்டது.

திறப்பு விழா முடிந்த முதல் வாரத்திலேயே வருகை எண்ணிக்கை கிடுகிடுவென ஏறியது. பதிவுகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி இரண்டே கைப்பேசிகளிலிருந்து: அதே பக்கம், அடுத்தடுத்து, தன் படம் மேலே வரும்வரை. அவ்வாண்டுச் செயலறிக்கையில் இவ்வளர்ச்சி 'உலகத் தமிழரின் பேராதரவு' என்று பதிவாகியுள்ளது.