குலுக்கையும் குளுகுளு ரூமும்

வாலே, வா. இந்தத் திண்ணையில உக்காரு. கையில என்ன அது, வழவழன்னு? ஸ்டோரேஜ் வாங்கக் கொட்டேஷனா? கம்பெனியில உன்னையத்தான் பொறுப்பா விட்டிருக்காகளா? பாவம். கொண்டா இங்க. கண்ணாடியை எங்கன வச்சேன்…

இந்தக் கிழவனுக்கு இதுல என்ன தெரியும்னு யோசிக்கே. முகத்துல எழுதியிருக்கு. ஏலே, கோவில்பட்டிப் பக்கம் ஒரு மில்லுல 26 வருசம் பஞ்சுக் குடோனுக்குக் காவல் இருந்தேன். பிறவு 11 வருசம் அதே மில்லுல சர்வர் ரூம் வாசல்ல ராத்திரி வாட்ச்மேன். பஞ்சையும் காத்திருக்கேன், டேட்டாவையும் காத்திருக்கேன். பஞ்சு தேவலை. போற நேரத்துல புகையாவது காட்டும்.

சரி, இதுல என்ன போட்டிருக்கான்? 260 டெராபைட். அம்மாடி! எழுத்தைப் பாரு, கல்யாணப் பத்திரிகை மாதிரி தங்கக் கலர்ல. உள்ள ஒரு பொட்டி, 12 டிஸ்க்கு, ஒவ்வொண்ணும் 8 டெராபைட். பன்னிரெட்டு தொண்ணூத்தாறுதானலே? 96 எப்படி 260 ஆச்சு? நீ கேட்டியா? கேட்டிருக்க மாட்ட. கோட்டுப் போட்டவன்கிட்டக் கணக்குக் கேக்க நமக்கெல்லாம் கூச்சம்.

நான் சொல்லுதேன். எங்க ஆத்தா காலத்துல கம்புக்கு மூணு கணக்கு உண்டு. களத்துல கதிராக் குவிஞ்சு கெடக்கும்போது ஒரு கணக்கு. அடிச்சுத் தூத்தி அளந்து குலுக்கையில கொட்டுன தவசம் ஒரு கணக்கு. பானையில கஞ்சியாப் பொங்கி வாரது ஒரு கணக்கு. இவனுகளுக்கும் அதே மூணுதான். 96ங்கிறது களத்துக் கதிரு. அதுல ரெண்டு டிஸ்க்கு அளவு, மத்தவன் செத்தாக் காப்பாத்தப் போயிரும். இன்னொண்ணு மாத்தாளா சும்மா உக்காந்திருக்கும். மிச்சம் 9. ஒம்பதெட்டு 72. அதையும் மெசினுக்குள்ள போட்டா 65ன்னு காட்டும். ஏன்? விக்கிறவன் ஆயிரம் ஆயிரமாப் பெருக்குதான், மெசினு 1,024, 1,024-ஆ எண்ணுது. வியாபாரி படி வேற, வீட்டுப்படி வேற. ஒரு டெராபைட்னு காசு குடுத்து வாங்குன டிஸ்க்கை வீட்டுக் கம்ப்யூட்டர்ல சொருகுனா 931 ஜிபின்னு காட்டுதுல்லா, அதே சங்கதி.

ஆக, குலுக்கையில விழுந்தது 65. பிறவு 260 எங்கேருந்து வந்துச்சு? நாலால பெருக்கிட்டான். ஒரே மாதிரி இருக்கிறதைத் தள்ளிட்டு, மிச்சத்தை அமுக்கி அமுக்கி வச்சா, ஒண்ணுல நாலு அடங்குமாம். கஞ்சி பொங்குன கணக்கு. பொங்கும், நான் இல்லைங்கல. உலையில என்னத்தைப் போட்டேங்கிறதைப் பொறுத்துல்லா பொங்கும்? உங்க கம்பெனியில பாதிக்கு மேல கேமரா வீடியோன்னு நீதானலே சொன்ன? அது ஏற்கெனவே அமுக்கி வச்சது. புண்ணாக்கை மறுபடி செக்குல போட்டா எண்ணெய் வருமா? என்கிரிப்ட் பண்ணிப் பூட்டுன ஃபைலும் அப்படித்தான், அமுங்காது. இந்தா, கீழ எறும்பு ஊருற மாதிரி பொடி எழுத்து தெரியுதா? "டேட்டாவின் தன்மைக்கேற்ப மாறுபடும்." அதைத் தங்கத்துல போட்டிருக்கலாம்லா?

டேப்பு விக்கிறவனுக்கும் இதே புத்திதான். எல்டிஓ 9ன்னு ஒரு கேசட்டு. உள்ளபடிக்கு 18 டெராபைட். அமுக்குனா 45ன்னு அவனும் பக்கத்துல சேத்துச் சொல்லுவான். ஆத்துல போட்டாலும் அளந்து போடும்பாக. இங்க அளக்கிறவனே ஆத்துல நிக்கான்.

அடுத்த பக்கம். ரெய்டு. பயப்படாத, இன்கம்டாக்ஸ்காரன் வரல. 1988-ல அமெரிக்காவுல பெர்க்லி யுனிவர்சிட்டிக்காரங்க மூணு பேரு, பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ்னு, ஒரு கட்டுரை எழுதுனாக. யானை விலையில ஒரு டிஸ்க்கு எதுக்கு, மலிவு டிஸ்க்கு பலதைச் சேத்துக் கட்டு, ஒண்ணு போனா மத்தது தாங்கட்டும்னு. நல்ல ரோசனை. பேருக்குள்ளயே "மலிவு"ன்னு ஒரு இங்கிலீசுச் சொல்லு இருந்துச்சு. விக்கிறவனுக்கு அது உறுத்துச்சு. மலிவுன்னு பேரை வச்சுக்கிட்டுக் கோடிக் கணக்குல எப்படிலே விக்க? முதல் எழுத்து மாறாம சொல்லை மாத்திட்டாக. மலிவு போயி "சுயேச்சை" ஆச்சு. எங்க வார்டுல சுயேச்சையா நின்னவனுக்கெல்லாம் டெபாசிட்டு போயிருக்கு. இதைச் சொன்னா என் பேரனுக்குக் கோவம் வருது. அவனும் உன்னைய மாதிரி இந்த வேலைதான் பாக்கான், பெங்களூர்ல.

99.999. இது என்ன, பவுன் சுத்தமா? ஓகோ, வருசத்துல 5 நிமிசம் 15 வினாடிதான் பொட்டி நிக்குமாம். சப்போர்ட்டுக்குப் போன் போட்டாப் பாட்டு ஓடுற நேரமே அதைவிட ஜாஸ்தி. எனக்கே அந்தப் பாட்டு மனப்பாடம். ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க கம்ப்யூட்டர் பையன் போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டுக் குந்தியிருப்பான். முதல்ல வாரவ சீரியல் நம்பர் கேப்பா. அது பொட்டிக்குப் பொறத்தால, செவத்தை ஒட்டி. நாந்தான் டார்ச் அடிப்பேன். ரெண்டாவது வாரவன், உங்க சாப்ட்வேர் பழசு, ஏத்திட்டுப் பேசுங்கம்பான். மூணாவது ஆளு லாக் அனுப்பும்பான். அது போய்ச் சேர விடிஞ்சிரும். விடிஞ்சதும் ஸ்டோரேஜ்காரன் சுவிட்சைக் கை காட்டுவான், சுவிட்சுக்காரன் சர்வரைக் கை காட்டுவான், சர்வர்க்காரன் உங்க ரூம்ல கரண்டு சரியில்லம்பான். சோறு குழைஞ்சதுக்கு மாமியா மருமவளைச் சொல்ல, மருமவ அரிசியைச் சொல்ல, அரிசிக்காரன் மழையைச் சொன்ன கதை.

எங்க மில்லு கதையை முழுசாச் சொல்லிருதேன். அங்க ஒரு பொட்டி, எட்டு டிஸ்க்கு. எட்டும் பச்சை லைட்டு, மின்மினி மாதிரி. ராத்திரி ஒரு தரம் டார்ச்சோட உள்ள போவேன். துண்டைத் தலையில கட்டாம நிக்க முடியாது, அம்புட்டுக் குளிரு. ஒரு நாள் மூணாவது டிஸ்க்குல ஆரஞ்சு லைட்டு. ரிஜிஸ்டர்ல எழுதுனேன்: "மூணாவது ஆரஞ்சு." மறுநாளும் எழுதுனேன். பதினேழு நாள் எழுதுனேன். வாட்ச்மேன் ரிஜிஸ்டரை ஆரு படிக்கா? பொட்டியே பையனுக்கு மெயிலும் போட்டிருக்கு. அவனுக்கு ஒரு நாளைக்கு முந்நூறு மெயிலு வரும், இங்க சூடு ஏறிட்டு, அங்க இடம் ரொம்பிட்டுன்னு. எல்லாம் தானாப் போயி ஒரு ஃபோல்டர்ல விழுத மாதிரி பண்ணி வச்சிருந்தான். ராத்திரி முச்சூடும் குலைக்கிற நாயிக்கு ஆருலே எந்திரிச்சுப் பாக்கா?

பதினெட்டாம் நாள் புது டிஸ்க்கு வந்து மாத்துனாக. "ரீபில்டு ஆகுது தாத்தா"ன்னான். மிச்சம் இருக்கிற ஏழையும் ஒரு எழுத்து விடாம படிச்சு, கணக்குப் போட்டு, செத்ததுல என்ன இருந்துச்சோ அதைப் புதுசுல எழுதணும். திரையில 31ன்னு நிக்கி. டீ வாங்கிட்டு வாரேன், 34. ஒரு தூக்கம் போட்டு எந்திரிக்கேன், 58. 61-ல கீய்ங்ன்னு ஒரே சத்தம். அஞ்சாவது டிஸ்க்கும் ஆரஞ்சு. அந்தப் பொட்டி ஒண்ணு போனாத் தாங்கும், ரெண்டு போனாத் தாங்காது. எட்டும் ஒரே நாள்ல வாங்குனது, ஒரே லாட்டு. ஒண்ணு களைச்சா மத்தது மட்டும் இளவட்டமாவா இருக்கும்? களைச்ச மாட்டை விடிய விடிய ஏர்ல பூட்டுனா அதுவும் படுத்துக்கிடும். பையன் முகத்தைப் பாத்தேன். அப்பந்தான் அவனுக்கு என் ரிஜிஸ்டர் ஞாபகம் வந்துச்சு.

ஒரே நாள்ல நட்டது ஒரே நாள்ல கருகுறதும் உண்டுலே. 2019-ல ஒரு பெரிய கம்பெனி ஊருக்கெல்லாம் சேதி அனுப்புச்சு: நாங்க வித்த எஸ்எஸ்டியில சில ரகம், 32,768 மணி நேரம் ஓடுனதும் செத்துப்போகும், உடனே ஃபர்ம்வேரை மாத்துங்கன்னு. 3 வருசம் 270 நாள் 8 மணி. சோசியக்காரன்கூட இம்புட்டுத் துல்லியமாச் சொல்ல மாட்டான். மணியை எண்ணுற எண்ணிக்கை நிரம்பி வழிஞ்சிருக்கும்னு பேசிக்கிட்டாக.

மில்லுக்கு வாரேன். "பேக்கப் இருக்குல்லா?"ன்னாரு மொதலாளி. இருந்துச்சு. கிழமைக்கு ஒரு டேப்பு, பியூன் தெனம் மாத்துவான், லேபிள் ஒட்டுவான். முத்து முத்தான கையெழுத்து. உள்ள ஒண்ணுமில்ல. ஏழு மாசமாப் பதியல. எல்லாரும் லேபிளைத்தான் பாத்திருக்காக.

சம்பளக் கணக்கைக் காப்பாத்துனது ஆரு தெரியுமா? அக்கவுண்ட்ஸ்ல இருந்த ஒரு பிள்ளை. பென்டிரைவ் கொண்டாரக்கூடாதுன்னு சட்டம் போட்ட மில்லு அது. நடுங்கிக்கிட்டே சாப்பாட்டுப் பையிலேருந்து ஒண்ணை எடுத்தா. மாசக் கடேசியில ஒரு காப்பி எடுத்து வச்சிக்கிடுவாளாம். ஏம்மா எடுத்தன்னு ஒருத்தன் கேக்கல. அடுத்த மாசம், பென்டிரைவ் கூடாதுன்னு மறுபடியும் ஒரு சர்க்குலர் வந்துச்சு.

நம்ம ஊரு கூத்துன்னு நெனைக்காத. 1998-ல பிக்சார்க்காரங்க டாய் ஸ்டோரி 2 படம் பண்ணிக்கிட்டிருக்கையில, ஆரோ ஒரு கட்டளையைத் தட்ட, படம் பெரும்பகுதி அழிஞ்சுட்டு. பேக்கப்பைத் தேடுனா அதுவும் சரியாப் பதியல. கேலின் சஸ்மன்னு ஒரு அம்மா, கைப்பிள்ளைக்காரி, வீட்டுலேருந்து வேலை பாக்கதுக்காக ஒரு காப்பி வச்சிருந்தாக. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில சுத்தி, காருல பெல்ட்டு மாட்டி, பச்சைப்பிள்ளையக் கொண்டார மாதிரி கொண்டாந்து சேத்தாக. 2017-ல கிட்லேப் கம்பெனியில 300 ஜிபி டேட்டாவைக் கை தவறி அழிச்சுட்டு, அஞ்சு வகை காப்பு இருக்கேன்னு ஒவ்வொண்ணாத் திறந்தா, ஒண்ணும் உருப்படியில்ல. பேக்கப் ஓடலைன்னு சொல்ல வந்த மெயிலை மெயில் சர்வரே உள்ள விடலையாம்! ஆறு மணி நேரம் முந்தி ஒருத்தன் வேற ஒரு சோலிக்காக எடுத்து வச்ச நகல்தான் கை குடுத்துச்சு.

சொன்ன பேச்சைக் கேட்டவன் கதி என்ன? தென்கொரியாவுல 2018-லேருந்து சர்க்காரு ஆபீசருகளுக்கு உத்தரவு: ஆபீசுக் கம்ப்யூட்டர்ல ஒண்ணும் வைக்காத, ஜி டிரைவ்னு பொதுக் குலுக்கை இருக்கு, ஆளுக்கு 30 ஜிபி, அதுல போடு. போட்டாக. 2025 செப்டம்பர் 26-ந் தேதி தேஜான்ல அந்த டேட்டா சென்டர்ல பேட்டரியை இடம் மாத்தும்போது தீப்பிடிச்சுட்டு. 858 டெராபைட் சாம்பல். காப்பி? ரொம்பப் பெருசா இருக்குன்னு எடுக்கலையாம். சின்னப் பிள்ளையத்தான் தூக்கி வெளிய விடலாம், பெரிய பிள்ளை கனக்கும், வீட்டுலயே கெடக்கட்டும்னாம்.

எங்க ஆத்தாளுக்கு எழுத்து வாசனை கெடையாது. விதைத் தவசத்தை அவ ஒரே குலுக்கையில வச்சு நான் பாத்ததில்ல. பாதி நம்ம வீட்டுல, சாம்பலும் வேப்பிலையும் போட்டு. மிச்சம் ஆத்து அக்கரையில எங்க பெரியத்தை வீட்டுல. விதைக்கதுக்கு முந்தி நூறு விதையை எண்ணி ஈரத்துணியில கட்டி, கதவுக்குப் பின்னால வைப்பா. மூணாம் நாள் அவுத்து எத்தனை முளைச்சிருக்குன்னு எண்ணுவா. எம்பதுக்குக் குறைஞ்சா அந்த விதையை இடிச்சுக் கஞ்சி காய்ச்சிருவா, நிலத்துல போட மாட்டா. உன் பேக்கப்பை நீ என்னைக்காவது ஈரத்துணியில கட்டிப் பாத்திருக்கியாலே? என் பேரன்கிட்டக் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை ரீஸ்டோர் டெஸ்ட் இருக்கு தாத்தா"ன்னான். எந்த வருசத்து ஞாயித்துக்கிழமைன்னேன். சிக்னல் சரியில்லன்னு வச்சுட்டான்.

இன்னொண்ணு சொல்லணும். இந்த டிஸ்க்குகளுக்குச் சத்தம் ஆகாது. சிரிக்காத. 2008 கடேசியில, சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல வேலை பாத்த பிரண்டன் கிரெக்ங்கிற ஆளு, டிஸ்க்கு அடுக்குக்கு முன்னால நின்னு ஓன்னு கத்துனான். அந்த அதிர்வுல டிஸ்க்கு தடுமாறிப்போச்சு, திரையில கோடு குபீர்னு எந்திரிக்கி. வீடியோவே இருக்கு. 2016-ல ருமேனியாவுல, புக்காரெஸ்ட்ல, ஒரு பேங்குல தீயணைப்பு ஒத்திகை நடத்துனாக. தீ இல்ல, வெறும் ஒத்திகை. கேஸு பீச்சுன சத்தத்துல டஜன் கணக்குல டிஸ்க்கு போயி, பேங்கு பத்து மணி நேரம் படுத்துட்டு. நாங்க குலுக்கைக்குப் பக்கத்துல கொட்டடிச்சுக் கல்யாணமே பண்ணியிருக்கோம். ஒரு மணி தவசம் உதிர்ந்ததில்ல.

நாலாம் வருசம் சப்போர்ட்டுக்கு என்ன வெலைன்னு இதுல எங்கன போட்டிருக்கான்? தேடிப் பாரு. இல்லையா? போடமாட்டான். மாப்பிள்ளை வீட்டுக்காரன் தலைதீபாவளிச் சீரைக் கல்யாணத்துக்கு முந்தியா சொல்லுவான்? இப்பமே எழுதி வாங்கு. பையில என்ன அது, பாட்டிலா? கோட்டுக்காரன் குடுத்தானா? பளபளன்னு இருக்கே. மேல என்ன போட்டிருக்கு, 1 லிட்டரா?

ஏளா! அந்தப் பால் அளக்கிற லிட்டரை எடுத்துட்டு வா, அப்படியே ஒரு செம்புத் தண்ணியும்.

ஊத்துலே. மெள்ள. வழிய விடாத… அட, பொட்டுக் குறையல. இந்தக் கொட்டேஷனோட வந்ததுல இது ஒண்ணுதான்லே சொன்ன அளவு பிடிக்கி. இதை நான் வச்சிக்கிடுதேன்.