நீரேரிக் கரையில் நின்று: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (ஒரு மாணவி, பரந்தன்): நெடுந்தீவுக்குப் போய்க் காட்டுக்குதிரைகளைப் பார்க்க வீட்டில் விடுகிறார்களில்லை. ஆனையிறவிலேயே அதற்கு ஈடான காட்சி ஏதும் உண்டா?

பதில்: உண்டு, மகளே, அதுவும் பரந்தனிலிருந்து பஸ் கட்டணச் செலவில். வாடைக்காற்றோடு மாரி பொழிந்து, இரணைமடு நிரம்பி, மிஞ்சிய வெள்ளத்தைக் கனகராயன் ஆறு நீரேரியில் கொண்டுவந்து சேர்த்தபின், அந்நீர் மெல்ல வற்றத் தொடங்கும் தை, மாசி மாதங்களில், முழங்காலளவு உவர்நீரில் பூநாரைகள் கூட்டமாய் நின்று மேய்வதை ஏ-9 வீதியோரத்திலிருந்தே தரிசிக்கலாம். தூரதரிசினி ஒன்று கிடைத்தால் ஒரே ஒரு பட்சியை மட்டும் தேர்ந்துகொண்டு கால்மணி நேரம் பார். முதலில் நின்ற இடத்திலேயே வட்டமாக மிதித்துச் சேற்றைக் கலக்கும். பிறகு அந்த நெடுங்கழுத்தைத் தன் கால்களுக்கிடையே வளைத்து இறக்கி, மேலலகு கீழாகும்படி தலையைக் கவிழ்த்து நீருள் வைக்கும். உள்ளே நாக்கு ஓயாமல் முன்னும் பின்னும் அசைந்து சேற்றுநீரை உறிஞ்சி வெளியே தள்ள, அலகின் விளிம்பிலே சீப்புப் பற்களைப் போல் நெருங்கியிருக்கும் மெல்லிய தகடுகள் பாசியையும் நுண்ணிய கூனிகளையும் மாத்திரம் தடுத்து வைத்துக்கொள்ளும். தலைகீழாக நின்றாலன்றிச் சோறு கிடையாது என்ற விதியை இத்தனை கம்பீரமாக நிறைவேற்றும் ஜீவன் வேறொன்றை நான் கண்டதில்லை.

கேள்வி (ஓர் ஆசிரியர், கிளிநொச்சி): சில பூநாரைகள் சிவக்காமல் சாம்பல் நிறமாக இருக்கின்றனவே, நோயா?

பதில்: நோயன்று, இளமை. அவ்வழகிய வர்ணம் பிறப்போடு வருவதன்று. உவர்நீர்ப் பாசியிலும் அதைத் தின்று வளரும் சிற்றுயிர்களிலும் உள்ள நிறப்பொருள், ஆகாரத்தின் வழியே இறகில் ஏறச் சில வருஷங்கள் பிடிக்கும். ஆகவே நீரேரியின் உவர்நீர் கெட்டால், பசி மட்டுமன்று, அந்தச் சிவப்பும் போய்விடும்.

கேள்வி (ஒரு வாசகர், கொழும்பு): ஆனையிறவில் யானை பார்க்கலாமா?

பதில்: இருநூற்றைம்பது ஆண்டுகள் முந்தி வந்திருந்தால் பார்த்திருக்கலாம். ஒல்லாந்தர் காலத்தில், வன்னியில் பிடித்த யானைகளை இந்த ஆழமற்ற நீர்வழியே யாழ்ப்பாணத்துக்கு நடத்திச் சென்று விற்றார்கள். இன்று வருகிறவர் பவளக்காலியையும் ஊசிவால் வாத்தையும் பார்த்து நிறைவடையலாம். யானைக்கு வன்னிக் காடே வீடு.

கேள்வி (ஓர் இளைஞர், வவுனியா): பாதையை விட்டிறங்கி, நீரேரியைக் குறுக்கே நடந்து கடந்து, கமராவுடன் கூட்டத்தின் நடுவே போக ஆசை. சாகசம்தானே?

பதில்: தம்பி, வேண்டாம். போர் பலமுறை மூண்ட நிலம் இது. இதன் வடக்கே முகமாலைப் பக்கம் விதைக்கப்பட்ட மிதிவெடிகளை அகற்ற எத்தனையோ கைகள் வருஷக்கணக்காக மண்ணைக் கிளறவேண்டியிருந்தது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை எங்கே நின்றாலும் அதுவே எல்லை. பலகை இல்லாத இடத்திலும் பழகிய தடத்தை விட்டிறங்காதீர். அதுவுமன்றி, பூநாரை நின்ற நிலையில் எழும்பமாட்டாது. நீர்மேல் ஓடி ஓடியே ஆகாயத்தில் ஏறவேண்டும். ஒரு புகைப்படத்துக்காக நாம் கிளப்பிவிடும் ஒவ்வொரு முறையும், அது தலைகீழாக நின்று சேர்த்த ஆகாரம் வீணாகிறது. சாகசம் வேண்டுமென்றால் மாசி வெயிலில் ஒரு மணிநேரம் அசையாது நின்று காட்டும். அதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

கேள்வி (ஒரு குடும்பத் தலைவி, முல்லைத்தீவு): பிள்ளைகளை எங்கே கூட்டிச் செல்லலாம்?

பதில்: முதலில் சுண்டிக்குளம், அம்மா. 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்ட இடம். நெடுந்தீவிலும் அதே ஆண்டில்தான் ஒரு தேசிய பூங்கா பிரகடனமாயிற்று. பிள்ளைகள் வளர்ந்தபின் குறிகட்டுவானில் படகேறினால் ஏறத்தாழ ஒருமணி நேரத்தில் நெடுந்தீவு. அந்நியர் ஆட்சிக்காலத்துக் குதிரைகளின் சந்ததி அங்கே பவளக்கல் வேலிகளுக்கப்பால் மேய்கிறது. கடுங்கோடையில் தண்ணீரின்றி அவை மடிந்த வருஷங்களும் உண்டு. ஆகையால் போகிறவர்கள் குடிநீரைக் கையோடு கொண்டு போங்கள், தீவின் கிணறுகளை நம்பிப் போகாதீர்கள். கொண்டுபோன போத்தலையும் பொலித்தீன் பையையும் மறவாமல் திருப்பிக் கொண்டு வாருங்கள்.