மே மாதத் தகப்பனார்

தமிழ்நாட்டு நகரங்களில், குறிப்பாகச் சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளான தாம்பரம், மேடவாக்கம், பெரும்பாக்கம் முதலியவற்றின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், ஏப்ரல் மாத நடுவில் தலைகாட்டி, ஜூனில் பள்ளி திறந்த மறுநாளே மறைந்துவிடும் ஒரு மனித வகையை இக்கட்டுரையில் மே மாதத் தகப்பனார் என்று வழங்கலாம். வயது முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டது. பிள்ளைகள் பெரும்பாலும் இருவர், மூத்தவன் இரண்டாம் வகுப்பிலும் இளையவள் எல்.கே.ஜி.யிலும் இருப்பார்கள், வீட்டுக்கடன் ஒன்றும், ஐந்து பேருக்கு உரியது என்று பதிவுச் சான்றிதழ் சொல்லும் கார் ஒன்றும், அதில் ஏறுவதற்கு ஆறு பேரும் உண்டு. ஆண்டின் மற்ற மாதங்களில் இவரைச் சக ஊழியர்களிடமிருந்து பிரித்தறிவது கடினம். முழு ஆண்டுத் தேர்வின் கால அட்டவணை பள்ளியிலிருந்து வந்து சேரும் மாலையில்தான் இவருடைய இயல்பு முழுமையாக வெளிப்படுகிறது: அன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் மடிக்கணினியைத் திறந்து, எக்செல் தாளில் இடப்புறம் தேதிகளையும் மேலே குடும்பத்தினர் பெயர்களையும் இட்டு, பிறந்தநாளுக்கு மஞ்சள், பயணத்துக்குப் பச்சை, மாமனார் வீட்டுக்குச் சாம்பல் என்று வண்ணம் தீட்டத் தொடங்குகிறார்.

இக்குடும்பங்களில் பிறந்தநாள்கள் கோடையில் வந்து குவிவதைத் தற்செயல் என்று கருதுவோர் தாத்தாவின் பள்ளிச் சான்றிதழைப் பார்த்திராதவர்கள். பிறப்பைப் பதிவு செய்யும் வழக்கம் சிற்றூர்களில் வேரூன்றாத காலத்தில், முதல் வகுப்பில் சேர ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதிக்கு எதிரே பெற்றோர் கொண்டுவந்து வைக்கக்கூடிய ஆதாரம், ‘பெரிய புயல் அடிச்ச வருசம், ஐப்பசி அடைமழையில பொறந்தான்’ என்ற அளவில்தான் இருந்தது. ஆகவே பையன் வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடுகிறானா என்று பார்த்து, தொட்டுவிட்டால் வயது வந்துவிட்டதென முடிவுகட்டி, ஜூனில் பள்ளி திறப்பதற்கு வாகாக மே மாதத்திலோ ஜூன் முதல் நாள்களிலோ ஒரு தேதியைத் தலைமையாசிரியரே பிறந்தநாளாக எழுதிவிடுவது பரவலான நடைமுறையாக இருந்தது. அரசு அலுவலகங்களில் மே மாதக் கடைசி நாளன்று பணிநிறைவுப் பாராட்டு விழாக்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நடப்பதற்கு அந்தக் காதும் ஒரு காரணம். ஐப்பசியில் பிறந்த தாத்தா இவ்வாறு மே மாதத்துக்கு உரியவராகி, பேரனுடைய பிறந்தநாளுக்குப் பத்து நாள் தள்ளி வந்து நிற்கிறார். அறுபது நிறைந்ததும் செய்யப்படும் சஷ்டியப்தபூர்த்தி என்னும் மணிவிழாவுக்காகக் குடும்பத்தோடு திருக்கடையூருக்குப் போனபோதும் கணக்குக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது இந்தச் சான்றிதழே. மார்க்கண்டேயனுக்கு வயதை 16இலேயே நிறுத்திய தலம் என்று புராணம் போற்றும் இடத்தில், தலைமையாசிரியர் ஓரிரு ஆண்டு கூட்டிக் குறைத்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தாத்தாவின் மே மாதம் எழுதப்பட்டது, பேரனுடையது மெய்யானது. அதனால்தான் பேரனுடைய குறையும் பெரிது. நகரப் பள்ளிகள் பலவற்றில் பிறந்தநாள் காணும் பிள்ளைக்கு அன்று ஒரு நாள் மட்டும் சீருடையிலிருந்து விலக்கு உண்டு. ‘கலர் டிரஸ்’ எனப்படும் வண்ண உடையில் வந்து, வகுப்பில் மிட்டாய் வழங்கி, துணைக்கு ஒரு நண்பனைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்ற வகுப்பு ஆசிரியர்களுக்கும் கொடுத்துவரும் அந்தப் பெரும்பேறு, அதற்குள் கணக்குப் பாடவேளை பாதி கழிந்துவிடும் என்ற உப பலனோடு, ஜூலையிலும் நவம்பரிலும் பிறந்தவர்களுக்கே வாய்க்கிறது. விடுமுறையில் பிறந்த பிள்ளை ஆண்டு முழுவதும் பிறர் மிட்டாயைத் தின்று, பிறர் பின்னால் துணைக்கு நடந்து, தன் முறை வரும்போது பள்ளி பூட்டிக் கிடப்பதைக் காண்கிறது. இந்த அநீதிக்கு ஈடு செய்வதாகச் சொல்லித்தான் தகப்பனார் மாலை விழாவைப் பெரிதாக்குகிறார். விடுமுறையில் சொந்த ஊருக்குப் போய்விட்ட வகுப்புத் தோழர்களுக்குப் பதிலாக, குடியிருப்பில் மிஞ்சியிருக்கும் பிள்ளைகள் அனைவரும், வயது, வகுப்பு, முன்பகை ஆகிய வேறுபாடின்றி அழைக்கப்படுகிறார்கள்.

ஒவ்வொரு பிறந்தநாளும் இரண்டாகப் பிரிவது தாளை மேலும் சிக்கலாக்குகிறது. ஆங்கிலத் தேதி ஒன்று. பிறந்த தமிழ் மாதத்தில் பிறந்த நட்சத்திரம் வரும் நாள் மற்றொன்று. நிலவு 27 நட்சத்திரங்களையும் ஏறத்தாழ 27 நாளில் சுற்றி வந்துவிட, சித்திரையும் வைகாசியும் அதைவிட நீண்ட மாதங்களாக இருப்பதால், ஒரே மாதத்தில் ஒரு நட்சத்திரம் இரு முறை வரும் ஆண்டுகளும் உண்டு. அப்போது பின்னதைக் கொள்வது பலருடைய வழக்கம், முன்னதற்கும் ஒரு பாயசம் வைத்துவிடுவது பாட்டியின் வழக்கம். நட்சத்திர நாளில் காலையில் கோயிலுக்குச் சென்று பெயர், ராசி, நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்வதும், தேதி நாளில் மாலையில் கேக் வெட்டுவதும் ஆகிய இரண்டு கடமைகளும் வெவ்வேறு வாரங்களில் விழுவதால், இரண்டு பிள்ளைகளும் ஒரு தாத்தாவும் கொண்ட வீட்டில் தாளின் மஞ்சள் நிறம் தேமல் பரவுவதைப்போலப் படர்ந்துகொண்டே போகிறது.

கேக் வெட்டும் நிகழ்ச்சியைச் சற்று அருகிலிருந்து காண்பது பயன் தரும். அழைப்பில் ஆறு மணி என்று போட்டிருந்தாலும், குடியிருப்புச் சங்கத்தின் கூடத்தில் ஆறு மணிக்கு இருப்பவர்கள் பலூன் தோரணம் கட்டும் இளைஞனும் தாத்தாவும் மட்டுமே. ஏழரைக்கு எல்லாரும் சேர்ந்ததும், முட்டை சேர்க்காத கேக் என்று பாட்டிக்கு மூன்றாம் முறையாக உறுதி அளிக்கப்படுகிறது. மெழுகுவத்தி ஏற்றியவுடன், எரியும் சுடரை வாயால் ஊதி அணைப்பது ஆகாது என்ற பழைய வழக்கு மறுவிசாரணைக்கு வருகிறது. பக்கத்தில் ஒரு காமாட்சி விளக்கை முதலில் ஏற்றிவைத்துவிட்டால், மெழுகுவத்தி அணைந்தாலும் வீட்டில் சுடர் நின்றதாகாது என்ற சமரசம் சென்ற ஆண்டே எட்டப்பட்டதுதான். ஆயினும் மின்விசிறிக் காற்றில் காமாட்சி விளக்கு தானே அணைந்து, குழந்தை எவ்வளவு ஊதியும் மெழுகுவத்தி மீண்டும் மீண்டும் பற்றிக்கொள்வதால் (அது அணையாத வகை என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை) பாட்டியின் கட்சி வலுப்பெறுகிறது. முதல் துண்டை யாருக்கு ஊட்டுவது என்பதில் அப்பாவின் தாய், அம்மாவின் தாய் ஆகிய இருவரும் புன்னகை மாறாமல் நிற்கும் அந்தச் சில நொடிகளை, மண வாழ்க்கையில் பத்தாண்டு கடந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறார்கள். குழந்தை தன் வாயிலேயே போட்டுக்கொள்வதுதான் இதற்கு இதுவரை கண்டறியப்பட்ட ஒரே தீர்வு.

ரிட்டர்ன் கிஃப்ட் என்பது விழாவுக்கு வந்த பிள்ளைகளுக்குத் திரும்பும்போது கொடுத்தனுப்பும் பதில் பரிசு. பாரிமுனையின் தெருக்களில் மொத்த விலைக்குக் கிடைக்கும் இப்பொருள்களை டசன் கணக்கில்தான் வாங்க வேண்டியிருப்பதால், எப்போதும் சில மிஞ்சி, அலமாரியின் மேல்தட்டில் அடுத்த விழாக்களுக்காகக் காத்திருக்கும். குடியிருப்புக்குள்ளேயே சுற்றிவரும் பென்சில் பெட்டி ஒன்று, இரண்டு கோடைகள் கழித்து, முதலில் அதைக் கொடுத்த வீட்டுக்கே வந்து சேர்வதும் உண்டு. மே மாதத் தகப்பனார் இதற்கும் தனித் தாள் வைத்திருக்கிறார்: எவ்வீட்டிலிருந்து எவ்வளவு மதிப்புள்ளது வந்தது, எவ்வீட்டுக்கு எவ்வளவு போக வேண்டும் என்று அதில் நிரல் நிரலாகக் குறிப்பு. இவருடைய அப்பா கல்யாண வீடுகளில் மொய் நோட்டு எழுதியபோது வைத்திருந்த நிரல்களும் இவையே. அதைப் பழங்காலத்துப் பழக்கம் என்று இவர் கல்லூரி நாள்களில் கேலி செய்ததுண்டு.

பயணங்களுக்கு வரலாம். ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு இது 120 நாளாக இருந்தது என்பதையும், அக்காலத்தில் தாம் ஜனவரியிலேயே மே மாதத்தை முடித்து வைத்ததையும் இவர் ஒரு பொற்காலமாக நினைவுகூர்கிறார். மனைவியின் கைப்பேசியும் தம்முடையதும் ஒருசேர இயங்கியும், எட்டு மணி ஐந்து நிமிடத்தில் கிடைப்பது ஆர்.ஏ.சி., அதாவது ஒரு பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையில் இருவர் உட்கார்ந்து செல்லும் உரிமை. இனி அட்டவணையின் உயிர்நாடி: ஐந்து வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணம் இல்லை, ஐந்து நிறைந்து பன்னிரண்டு நிறையாதவர்களுக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால், 2016 ஏப்ரல் முதல், முழுக் கட்டணம். இளையவளுடைய ஐந்தாம் பிறந்தநாள் மே 19 என்பதால் ஊட்டிப் பயணம் 15இல் தொடங்கி 18இல் முடிந்தே ஆக வேண்டும். தாத்தாவின் முழங்கால் வலியும், அலுவலகத்தின் தணிக்கையும், மலர்க் கண்காட்சியின் தேதியும் இதற்கு அடுத்தபடியானவை. உயரத்தை வைத்துக் கட்டணம் வாங்கும் கேளிக்கைப் பூங்காக்களில் இந்த நுட்பம் வேறொரு வடிவம் கொள்கிறது. சீட்டு வாங்கும் இடத்தில் முழங்காலைச் சற்று மடக்கி நிற்கும்படி மகனுக்கு அறிவுறுத்தும் தகப்பனாரே, ராட்டினத்தின் வாயிலில் நுனிக்காலில் நிற்கும்படியும் கூறுவதால், இரண்டு அளவுகோல்களுக்கும் இடைப்பட்ட சிறிது தூரத்தில் பிள்ளை அரையடி வளர்ந்துவிடுகிறது.

வழக்கமாக மே 4ஐ ஒட்டித் தொடங்கி 28ஐ ஒட்டி முடியும் அக்னி நட்சத்திரம் என்னும் கத்திரி வெயிலின்போது சென்னை மக்கள் மலைக்கு ஓடுவது இயல்பே. 2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் செல்வோர் இணையத்தில் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு, அதாவது இ-பாஸ், பெற வேண்டும் என்றானபோது, மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். மே மாதத் தகப்பனாரோ, பதிவு செய்வதற்கு இன்னும் ஒன்று கிடைத்ததே என்று மகிழ்ந்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து செல்லும் மலை ரயிலில் இடம் கிடைக்காததையும் அவர் தோல்வியாகக் கொள்வதில்லை. குன்னூரில் காரை ஓரங்கட்டி, கடந்து செல்லும் ரயிலைச் சுட்டிக்காட்டி, 46 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை 1908இல் ஊட்டியை எட்டியது என்றும், செங்குத்தான பகுதியில் தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பல்வரிசையில் எஞ்சினின் பல்சக்கரம் கவ்விப் பிடித்து ஏறுகிறது என்றும், யுனெஸ்கோ 2005இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது என்றும் விளக்குகிறார். விளக்கம் முடிவதற்குள் ரயில் போய்விடுகிறது. இளையவள் கொண்டை ஊசி வளைவுகளின் பயனாக வாந்தி எடுக்கிறாள். மூத்தவன் கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை என்கிறான். ஊட்டி அரசு தாவரவியல் பூங்கா 1848இல் அமைக்கப்பட்டது என்ற அடுத்த விளக்கம் நாளைக்கு ஒத்திவைக்கப்படுகிறது.

மே மாதத்தில் குற்றாலத்துக்குப் போய், ஜூனில் தென்மேற்குப் பருவமழையோடுதான் அங்கே சீசன் தொடங்கும் என்பதை வெயிலில் காயும் பாறையிடமிருந்து தெரிந்துகொண்டது பழைய கதை. அண்மைக் கதை வண்டலூருக்கு உரியது. 1855இல் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் தோன்றி, 1985இல் வண்டலூரின் ஏறத்தாழ 600 ஹெக்டேர் பரப்புக்கு இடம்பெயர்ந்த உயிரியல் பூங்காவின் வரலாற்றைக் காரிலேயே சொல்லி முடித்து, வாயிலை அடைந்தபோது அது பூட்டியிருந்தது.

“என்னங்க, செவ்வாய்க்கிழமை லீவுன்னு அந்தத் தாள்ல போடலையா?” என்று மனைவி கேட்டார்.

தாளில் பயணத்துக்குரிய பச்சை நிறம் இருந்தது, கிழமை என்னும் நிரல்தான் இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து புளியோதரை கிளறி, தயிர்சாதத்தைத் தனி டப்பாவில் அடைத்து, தாத்தாவின் மாத்திரையையும் இளையவளுடைய மாற்றுடையையும் எடுத்துவைத்த அவருடைய உழைப்புக்கும் அத்தாளில் எந்த நிறமும் இல்லை என்பதை ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும். புளியோதரை அன்று கார் நிறுத்துமிடத்து மர நிழலில் தின்று தீர்க்கப்பட்டது. தகப்பனார் முகத்தில் மட்டும் வருத்தம் இல்லை. மே மாதத் தகப்பனாரைப் புரிந்துகொள்வதற்கு இதுவே திறவுகோல்: அவருடைய சுற்றுலா ஏப்ரல் இரவுகளில் மடிக்கணினியின் முன் ஏற்கெனவே இனிதே நடந்தேறிவிட்டது, மே மாதத்தில் குடும்பத்தார் போய்வருவது அதன் சரிபார்ப்பு மட்டுமே.

அவருக்கு இணையான எதிரி ஒருவர் உண்டென்றால், அவர் கோயம்புத்தூரில் இருக்கும் மைத்துனர். இளையவளுக்கு மொட்டை அடித்துக் காது குத்தும் சடங்கு, குடும்பத்தின் காவல் தெய்வமாகிய குலதெய்வத்தின் கோயிலில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்து நடத்தப்பட வேண்டியது; இரு பக்கத்து உறவினர் அனைவரையும் வேனில் ஏற்றிச் செல்லக் கோடை விடுமுறையை விட்டால் வேறு காலம் இல்லை. ஆனால் மைத்துனரும் ஒரு மே மாதத் தகப்பனார். “மாமா, 24ஆம் தேதி எனக்கு ஆகாது, அன்னைக்குத்தான் எங்க சின்னவனுக்கு நட்சத்திரம்” என்று அவர் தம்முடைய எக்செல் தாளை அனுப்ப, இவர் தம்முடையதை அனுப்ப, இரண்டிலும் வெள்ளையாக இருக்கும் நாளைத் தேடி இரு வீட்டுப் பெண்களும் பலமுறை தொலைபேசியில் பேசி, கடைசியில் பாட்டி நாள்காட்டியைக் கிழித்துப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னதும் இருவரும் வாய் பேசாமல் ஒப்புக்கொள்கிறார்கள்.

இவ்வகையின் ஆயுள் குறுகியது. மூத்தவன் ஒன்பதாம் வகுப்புத் தேர்வெழுதி முடித்த ஏப்ரலிலேயே, பத்தாம் வகுப்புப் பாடங்களுக்கு முன்கூட்டிய வகுப்பு என்று டியூஷன் மையத்திலிருந்து செய்தி வருகிறது. தாளில் பச்சை சுருங்கி, அதுவரை பயன்படாத சிவப்பு இடம் பிடிக்கிறது. மலை ரயிலின் இடத்தில் மாதிரித் தேர்வும், இ-பாஸ் இடத்தில் கட்டண ரசீதும் வந்து உட்காருகின்றன. வண்ணம் தீட்டும் கை மட்டும் மாறவில்லை என்பதால் இம்மாற்றத்தை அவர் உடனே உணர்வதும் இல்லை. இளையவளுடைய பிறந்தநாள் அந்த ஆண்டும் மே 19தான். அண்ணன் வகுப்பு முடிந்து வர இரவு ஒன்பது ஆகும் என்பதால், கேக்கை ஒன்பதேகாலுக்கு வெட்டலாம் என்றும், கூடத்துக்கு முன்பணம் கட்ட வேண்டியதில்லை, வீட்டிலேயே போதும் என்றும் மஞ்சள் கட்டத்துக்குள் ஒரு குறிப்பு ஏறுகிறது.