அதிகாரமா, ஆதாரமா?

விக்கிப்பீடியாவில் சம்பளமில்லாமல் எழுதுகிறவருக்கு ‘நிர்வாகி’ பதவி கொடுத்தால் இன்னும் நன்றாக எழுதுவாரா, நாற்காலியைத் தேய்ப்பாரா?

நாற்காலியே தராத இடத்தில் எதைத் தேய்ப்பது? கட்டுரையை நீக்க, பூட்ட, விஷமிகளைத் தடுக்க அவருக்குச் சில கருவிகள் கிடைக்கும். ஆங்கில விக்கிப்பீடியர்கள் அந்தப் பதவியைச் செல்லமாகத் ‘தரை துடைப்பான்’ என்றே சொல்கிறார்கள்! எந்தத் தகவல் சரி என்ற சண்டை வந்தால் நிர்வாகியின் சொல்லுக்குத் தனி எடை கிடையாது. அங்கே அதிகாரம் எடுபடாது, ஆதாரம்தான் எடுபடும்.

உற்சாகம் வேறு வழியில் வருகிறது. 2012இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, ஆங்கில விக்கிப்பீடியாவில் அதிகம் உழைக்கும் 1 சதவீதத்தினரிலிருந்து 200 பேரை எடுத்தார்கள். குலுக்கல் முறையில் 100 பேருக்கு மட்டும் ஒரு நட்சத்திரப் பதக்கம். காசில்லை, அதிகாரமில்லை, வெறும் படம்தான். அடுத்த 90 நாட்களில் அவர்களின் உழைப்பு மற்ற 100 பேரைவிட 60 சதவீதம் கூடியிருந்தது. முகம் தெரியாத ஒருவர் தந்த பாராட்டு!

ஆனால், இத்தனை செய்தால் இந்தப் பட்டம் என்று முன்கூட்டியே அறிவித்தால் கதை மாறுகிறது. நிரலர்கள் கூடும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இணையதளத்தை ஆராய்ந்த 2013ஆம் ஆண்டு ஆய்வில், பட்டம் நெருங்க நெருங்க வேலை சூடுபிடித்தது. கைக்கு வந்ததும் சரிந்தது.