ஆப் வாழ்க!

தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்காரர் ஆப் போட்டுவிட்டார். என்ன தொலைநோக்கு! வெறும் இணையதளம் என்றால் வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தொட்டு யார் வேண்டுமானாலும் நேரே புடவைக்கு வந்து நிற்பார்கள். கௌரவமான கடைக்கு அது அழகா? ஆப்புக்கு ஒரு மரியாதை உண்டு. பிளே ஸ்டோருக்குப் போய் இறக்க வேண்டும். போனில் இடமில்லையா, பேரனின் பிறந்தநாள் வீடியோவை அழிக்க வேண்டும். ஓடிபி போட வேண்டும், லொகேஷன் கொடுக்க வேண்டும். இத்தனையும் தாண்டி வருபவர்தான் வாடிக்கையாளர். மற்றவர்கள் சும்மா நைட்டி வாங்க வந்தவர்கள்.

இந்தத் துணிச்சலுக்கு முன்னோடி உண்டு. 2015 மே மாதம் ஆன்லைனில் துணி விற்கும் மிந்த்ரா தன் இணையதளத்தையே மூடிவிட்டு, இனி ஆப் மட்டும்தான் என்றது. பெரிய திரையில் துணி பார்த்து வாங்கிய தொல்லைக்காரர்களிடமிருந்து ஒரே நாளில் விடுதலை! தாய் நிறுவனமான ஃபிளிப்கார்ட் அதற்கு முன்பே மொபைல் தளத்தை மூடியிருந்தது. பாவம், அதே ஆண்டு நவம்பரில் ‘ஃபிளிப்கார்ட் லைட்’ என்று பிரவுசரிலேயே ஓடும் வெப் ஆப்பாகத் திரும்பி வந்தது. மிந்த்ராவும் 2016 ஜூனில் தளத்தைத் திறந்துவிட்டது. பெரிய இடத்தில் மனஉறுதி குறைவு. எங்கள் ஊர்க்காரர் அசைய மாட்டார்.

தினமும் பால், மளிகை வாங்குகிறவர்களுக்கு ஆப் வசதி என்பார்கள். அது யாருக்கும் தோன்றுகிற காரணம். தீபாவளிக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று என்று வாங்கும் பட்டுப்புடவைக்கு ஆப் வைப்பதில் அல்லவா வீரம்!

செலவிலும் தாராளம்தான். ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐபோனுக்கு ஒன்று என இரண்டு செய்து வாங்கினார். கூகுள் ஒரே தடவை 25 டாலரோடு விட்டுவிடுகிறது. ஆப்பிள் வருஷா வருஷம் 99 டாலர் காணிக்கை கேட்டு உறவைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஒரு பிழையைத் திருத்தி அனுப்பினால் அவர்கள் பார்த்து அனுமதிக்க வேண்டும். அதற்குள் ஆடித் தள்ளுபடி முடிந்தால் கடைக்கு லாபம்தானே.

வெப் ஆப்பும் ஹோம் ஸ்கிரீனில் ஐகானாக உட்காரும், நோட்டிஃபிகேஷன் அனுப்பும், 2023 முதல் ஐபோனில்கூட அனுப்புகிறது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு மலிவாகக் கிடைப்பதை நம்பலாமா என்று கேட்டாராம். விவரமான மனிதர்.

இப்போது கல்லாவில் ஒரு அட்டை: ஆப் இறக்கினால் பத்து சதவீதம் தள்ளுபடி. எல்லாரும் இறக்குகிறார்கள், தள்ளுபடியை வாங்குகிறார்கள், பஸ் ஸ்டாண்டு போவதற்குள் அழித்துவிடுகிறார்கள். டவுன்லோடு எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. அதை ஃபிரேம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்போகிறாராம்.