கார்மின் அண்ணன்

தொட்டியம் டீக்கடையில் காலை ஐந்தே முக்காலுக்கு ஒருவர், "அண்ணே, இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்டால், வாழைத்தார் விலையைத்தான் கேட்கிறார் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். கேட்கப்பட்டவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து, "பன்னெண்டு புள்ளி மூணு. பேஸ் ஏழு இருபது. நைட்டு தூக்கம் சரியில்ல, அதான்" என்பார். தூக்கம் சரியில்லை என்பதும் அவருக்குத் தெரியாது. கடிகாரம்தான் சொன்னது. அந்தக் கடிகாரத்தின் பெயரையே ஊர் அவருக்கு வைத்துவிட்டது: கார்மின் அண்ணன்.

இவர் ஓர் ஆள் அல்லர், ஒரு வகை. முசிறியில் ஒருவர், குளித்தலையில் ஒருவர், காட்டுப்புத்தூரில் ஒருவர் என்று காவிரியின் இரு கரையிலும் முளைத்திருக்கிறார்கள். மண்டி, உரக்கடை, எல்.ஐ.சி. என்று தொழில் மாறலாம் (தொட்டியத்து அண்ணனுக்கு வாழை மண்டி), வரலாறு மாறாது. பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியட் என்றாலே வயிற்றுவலி வந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. நாற்பத்திரண்டு வயதில் திருச்சி தில்லைநகர் டாக்டர் ஒருவர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியெல்லாம் இவராகச் சேர்த்துக்கொண்டது.

முதல் மாதம் நடை. இரண்டாம் மாதம் மா. சுப்பிரமணியனைப் பற்றி எங்கோ படித்தார். சாலை விபத்தில் அடிபட்ட காலோடும் சர்க்கரையோடும் நூற்றுக்கு மேற்பட்ட அரை மாரத்தான் ஓடியவர். சுகாதார அமைச்சரான பிறகு 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஓர் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையே திறக்க வைத்தவர். "அவரால முடியும்னா?" என்று கேட்டுக்கொண்டு இவர் ஒருநாள் சீனிவாசநல்லூர் வரை ஓடிப்போய், குரங்கநாதர் கோயில் வாசலில் குனிந்து நின்று மூச்சு வாங்கினார். பராந்தக சோழன் காலத்துக் கற்றளி. தொல்லியல் துறைப் பலகையைத் தவிர அங்கே விசாரிக்க ஆளில்லை என்பது அன்றைக்கு வசதியாகப் போயிற்று.

அதன் பிறகு ஊருக்கு நிம்மதி இல்லை. மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர் என்பதை டீ மாஸ்டருக்கு விளக்குவார். "1908 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல வின்ட்சர் அரண்மனையில ஆரம்பிச்சு, ஸ்டேடியத்துல ராஜ குடும்பம் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு முன்னாடி முடிச்சாங்க. அந்தக் கணக்குதான் இன்னைக்கு வரைக்கும்." மாஸ்டர் ஆற்றிக்கொண்டே, "நம்மூர்லயும் அப்படித்தாண்ணே. மந்திரி வந்தா ஊர்வலம் ஒரு தெரு கூடுதலா சுத்தும்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய விசேஷம். அன்று லாங் ரன். தொட்டியத்தில் சாலை இருக்கிறது, வாய்க்கால் கரை இருக்கிறது, காற்றும் இருக்கிறது. ஆனால் அண்ணனின் ஓட்டக் குரூப் இருப்பது திருச்சியில். ஆகவே விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் காரில் போய், இருபத்தொரு கிலோமீட்டர் ஓடிவிட்டு, மறுபடி அவ்வளவு தூரம் காரில் திரும்பி வருவார். வழியில் குணசீலம். மனநலம் தவறியவர்களை அழைத்து வந்து ஒரு மண்டலம் தங்கவைக்கிற பெருமாள் சந்நிதி. "ஏங்க, போற வழியிலதானே இருக்கு, நாப்பத்தெட்டு நாள் இருந்துட்டுத்தான் வாங்களேன்" என்று மனைவி இருட்டில் போர்வைக்குள்ளிருந்து சொல்வார். அண்ணன் அதற்குள் ஷூ லேஸை இரட்டை முடிச்சுப் போட்டிருப்பார்.

அந்தக் குரூப்பில் என்ன இருக்கிறது என்று எனக்கும் புரியாமல்தான் இருந்தது. பல் டாக்டர் ஒருவர், வங்கி மேலாளர் ஒருவர், பெல் நிறுவனத்தில் ஓய்வு பெற்று அறுபத்து மூன்று வயதிலும் எல்லோரையும் முந்துகிற ஒரு பெரியவர், ஐ.டி.யில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போய், சித்திரை வீதிகளைச் சுற்றிவிட்டு, ஒரு மெஸ்ஸில் பொங்கல் வடையோடு உட்கார்வார்கள். எரித்தது முழுவதும் அங்கேயே திரும்பி வந்துவிடும். அதற்கு ரெக்கவரி என்று பெயர். கவனித்துப் பார்த்தால், அந்த மேசையில் ஒருவரும் ஒருவரைப் பார்த்து "பொண்ணுக்கு இடம் பாக்கறீங்களா?", "அந்தப் பாகப்பிரிவினை என்னாச்சு?", "தார் என்ன விலை போகுது?" என்று கேட்பதில்லை. முட்டி எப்படி இருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள். நாற்பது தாண்டிய ஆணுக்குச் சொந்த ஊரில் மிஞ்சுவது பங்காளியும் சம்பந்தியும் கடன் பாக்கியும்தான். புதிதாக ஒரு சிநேகிதன் கிடைக்க அவனுக்கு இருபத்தொரு கிலோமீட்டர் ஆகிறது. அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் ஓடும்போது அண்ணன் தின்னும் எனர்ஜி ஜெல்லைத்தான் மன்னிக்க முடியவில்லை. வாழைத் தோட்டத்துக்கு நடுவில் பிறந்து, பூவனும் ஏலரிசியும் கற்பூரவல்லியும் தின்று வளர்ந்த மனிதர், ஆன்லைனில் வரவழைத்த சாக்லேட் வாசனைப் பசையைப் பல்லால் கிழித்து உறிஞ்சுகிறார். 1993-இல் மத்திய அரசு வாழைக்கென்று ஓர் ஆராய்ச்சி மையத்தையே திருச்சியில் நிறுவியது. 2012-இல் அமெரிக்காவில் பதினான்கு சைக்கிள் வீரர்களை எழுபத்தைந்து கிலோமீட்டர் மிதிக்கவிட்டுப் பார்த்ததில், விளையாட்டுப் பானம் குடித்தவர்களுக்கு வாழைப்பழம் தின்றவர்கள் இளைத்தவர்கள் அல்லர் என்று தெரிந்தது. (ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஒரு வாழைப்பழக் கம்பெனி என்பது வேறு விஷயம்.) இதை அண்ணனிடம் சொன்னேன். "பழம் பாக்கெட்ல நசுங்கிரும்" என்றார். மண்டிக்காரர் வாயில் இப்படி ஒரு வார்த்தை!

இப்போது டிரையத்லான் ஆசையும் வந்திருக்கிறது. 2019 முதல் கோவாவில் நடக்கும் பாதி அயர்ன்மேன்தான் குறி: 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், பிறகு அரை மாரத்தான். சிறுவயதில் காவிரியில் இலவசமாகக் கற்ற நீச்சல் தப்பு என்று திருச்சிக் குளத்துக் கோச் சொல்லிவிட்டாராம். மாதக் கட்டணம் கட்டி மறந்துகொண்டிருக்கிறார்.

சமயபுரத்துக்குப் பாதயாத்திரை கிளம்பும் நாட்களில் அண்ணன் ஓடும் சாலையில் அவருக்குத் துணை கிடைக்கும். மஞ்சள் சேலை, வேப்பிலை, வெறுங்கால். ஒருமுறை பின்னிரவில் ஓர் அம்மாவை அண்ணன் முந்தினார். தண்ணீர் குடிக்க நின்றபோது அந்த அம்மா இவரை முந்தினார். மூன்றாம் தடவை பக்கத்தில் வந்ததும் அந்த அம்மா பரிவோடு கேட்டார்: "ஏந் தம்பி, என்ன வேண்டுதல்?"

அண்ணனுக்குப் பொய் வராது. "சப் டூ" என்றார். ரெண்டு மணி நேரத்துக்குள் அரை மாரத்தான்.

"கவலப்படாத. ஆத்தா குடுப்பா."

அண்ணனின் அப்பாயியும் அந்த அம்மா ரகம்தான். கார்த்திகை சோமவாரத்தில் காலையில் குளித்தலைக் கடம்பரைக் கும்பிட்டு, உச்சிக்கு ஐயர்மலையின் ஆயிரத்துச் சொச்சம் படிகளை ஏறி இறங்கி, ஆற்றைக் கடந்து பொழுது சாய ஈங்கோய்மலை ஏறியவர். இடுப்பில் புளிசாதத் தூக்கு, கூடவே தெருப் பெண்கள். தூரம் எவ்வளவு, ஏற்றம் எவ்வளவு என்று அண்ணன் போனில், ஓடியதையெல்லாம் ஏற்றிவைக்கும் ஸ்ட்ராவா செயலியில், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஸ்ட்ராவாவுல ஏத்தலையே" என்றார்.

பங்குனியில் ஊரில் மதுரை காளியம்மன் திருவிழா. தொட்டியத்துத் தேருக்கு வடம் கிடையாது. முப்பதடி வாக்கில் உயர்ந்த இரண்டு தேர்களையும் தோளில்தான் சுமக்க வேண்டும். மண்டியில் தார் ஏற்றும் பையன் வியர்வை வழிய ஓடி வந்து அண்ணன் கையைப் பிடித்தான். "அண்ணே, நீங்கதான் தெனம் ஓடுறவரு, வந்து ஒரு தோள் குடுங்க."

அண்ணன் சங்கடத்தோடு தோளைத் தடவிக்கொண்டார். "வர்ற ஞாயிறு ரேஸ்டா. டேப்பர்ல இருக்கேன். பத்து நாளைக்கு எதையும் தூக்கக் கூடாது."

பையன் சட்டென்று கையை விட்டான். முகம் மாறிவிட்டது.

"ஐயையோ, சொல்லவே இல்லையேண்ணே. எந்தப் பங்காளி வீட்ல?"